கொக்கி மாட்டிவிட ஓர் ஆள்

மே மாதத்தில் திருச்சியில் உயிரோடு இருப்பதே பெரிய வேலை. அந்த மாதத்தில், மார்புக்குக் கீழே தொடங்கிப் பாதித் தொடை வரைக்கும் தடித்த எலாஸ்டிக்கில் தைத்த ஓர் உறைக்குள், ஒரு நாளைக்கு இருபத்து மூன்று மணி நேரம் வீதம் ஆறு வாரம் கிடக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். கிடந்தேன். மிச்சமிருந்த ஒரு மணி நேரம் குளிப்பதற்கு.

வேறு மாதம் பார்த்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. எங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் படுக்க வேண்டுமென்றால் கோடை விடுமுறையில்தான் படுக்க வேண்டும். பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் உடம்புக்கு முறை வரும். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும்.

அந்த உறைக்கு டாக்டர் ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். தில்லைநகரில் அதை விற்ற கடைக்காரர், "டெலிவரி பெல்ட்டாம்மா? யாருக்கு, பொண்ணுக்கா?" என்று கடையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார். என் மாமியார் அதை ரப்பர் என்றார். நான் பெல்ட் என்றே சொல்கிறேன். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரி அதை மாட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொண்டுவந்து அக்னி நட்சத்திரத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிறுத்த வேண்டும். அப்புறம் சிரிக்கட்டும்.

அதைப் போட்டுக்கொள்வது தனி ஆளால் முடிகிற காரியம் இல்லை. கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, காலிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். பிறகு வயிற்றின் மேல் இரண்டு ஓரத்தையும் இன்னொருவர் இழுத்துச் சேர்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இருபத்திரண்டு கொக்கிகளை மாட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு ஜிப். உள்ளே விலகிக்கிடந்த தசையைச் சேர்த்துத் தைத்திருப்பதால், நான் முக்கி இழுக்கக் கூடாது என்று டாக்டரின் கண்டிப்பு. என் கணவர் ஒவ்வொரு நாளும் ஒரு முழங்காலைக் கட்டில் ஓரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, நிரம்பி வழிகிற சூட்கேஸைப் பூட்டுகிறவர் மாதிரி என்னைப் பூட்டினார். அதில் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வதற்கு வேறு நிறைய இருக்கிறது.

எதற்காக இதெல்லாம் என்றால், எனக்கு இரட்டைப் பிள்ளைகள். சிசேரியன். அவர்கள் இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் மீசை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போன வயிறு மட்டும் பதினெட்டு வருஷமாகப் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தோல் மடிந்து அடிவயிற்றின் மேல் விழுந்து கிடக்கும். அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கும், புண் வரும், களிம்பு போடுவேன், ஆறும், மறுபடி வரும். கரும்பலகைக்குத் திரும்பும்போது புடவைத் தலைப்பை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டே திரும்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நடக்கவில்லையா, சாப்பாட்டைக் குறைக்கவில்லையா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில். காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக நான் நடந்த நடையில் பாதி காசிக்குப் போயிருக்கலாம். தோல் நடந்து குறையாது.

போன வருஷம் ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். காவிரிப் பாலம் ஏறும்போது கண்டக்டர், "மாசமா இருக்கறவங்க நிக்கறாங்க, யாராவது எந்திரிச்சு எடம் குடுங்கப்பா" என்றார். எனக்கு வயது நாற்பத்து நான்கு. பின்வரிசையில் என் பள்ளிப் பெண்கள் மூன்று பேர். இல்லை என்று சொல்ல வாய் வராமல் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அறுத்துப் போடு.

இந்த ஆபரேஷனுக்கு என் சம்மதம் போதும் என்று டாக்டர் சொன்னார். அவர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். வீட்டில்தான் அது போதவில்லை. என் கணவர் முதலில், "இந்த வயசுல அழகு ஆபரேஷனா?" என்றார். அவர் தலைக்கு மாதம் ஒருமுறை சாயம் போடுகிறார். அதை நான் எடுத்துச் சொன்ன பிறகு சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை, அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலியால் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் நான் பாதி மயக்கத்தில் கிடந்தபோது, ஜன்னலோரம் நின்று என் கணவர் ஃபோனில் பேசியது காதில் விழுந்தது.

"ஆமாம்மா, கர்ப்பப்பையை எடுத்தாச்சு. வேற வழியில்லைன்னுட்டா. பெருமாள் கிருபை, ஒரு கண்டம் தாண்டித்து."

இல்லாத நோய்க்கு என் உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்து அவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்! நான் கண்ணைத் திறந்து, "என்ன சொல்றேள்?" என்றேன். "வேற என்னத்தைச் சொல்றது? இதுன்னா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டா" என்றார். உண்மைதான். தொங்குகிற வயிற்றைத் தைத்துக்கொண்டால் திமிர், கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டால் பாவம். நான் மறுக்கவில்லை, மறுபடி தூங்கிப்போனேன். பத்தாம் வகுப்புக்கு மனித இனப்பெருக்க மண்டலம் நடத்துகிறவள், படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லி மார்க் போடுகிறவள், அந்தப் பொய்க்குத் தலையாட்டினேன். அந்தப் பங்கு என்னுடையது.

வீட்டுக்கு வந்தபின் என்னைப் பார்க்க வந்தவர்களின் அனுதாபத்தைத் தாங்க முடியவில்லை. மாமியார் எல்லோரிடமும் என் நோயை விவரமாகச் சொன்னார். கேட்டுக்கேட்டு எனக்கே அப்படி ஒரு நோய் இருந்ததாகத் தோன்ற ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள் கீழ்வீட்டு அம்மா வந்தார். தொட்டியத்துக்காரர். கீழே முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வழக்கமாக மாடிப்படியில் நின்று இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. அன்று என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் முன்னறையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், எனக்கும் எடுத்துட்டாங்க. முப்பத்தெட்டு வயசுல. ரத்தம் நிக்கலைன்னு போனேன், கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். என்ன ஏதுன்னு ஒருத்தரும் சொல்லல."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

"ரெண்டும் பையனுங்க. ஒரு பொண்ணு வேணும்னு இருந்துச்சு டீச்சர். சிரிக்காதீங்க, பேர்கூட வச்சிருந்தேன். இதை எங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. கடையில யாராச்சும் சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தா உள்ள போயிடுவேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "உங்களுக்கும் உள்ள ஏதோ காலியா இருக்கற மாதிரி இருக்கா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கு." அவர் என் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். போகும்போது, எந்த உதவி என்றாலும் ஒரு ஃபோன் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் தினம் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் மேலே வந்தது. குடித்தேன்.

பொய்யின் அடுத்த தவணை பதின்மூன்றாம் நாள் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கண்டம் தாண்டி வந்தவள் கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டு வர வேண்டும் என்று மாமியார் ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் பெல்ட்டின் தடிப்பு தெரிந்தது.

"சன்னிதிக்குப் போறச்சே அந்த ரப்பரையா கட்டிண்டு போவா? நன்னாவா இருக்கு? சித்த நாழிதானே, கழட்டி வச்சுட்டு வா."

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காம்மா."

"கர்ப்பப்பை எடுத்தவா எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன். ஒருத்தரும் இப்படிக் கட்டிண்டு திரியலை."

அவர் சொன்னதில் தப்பில்லை. கர்ப்பப்பை எடுத்தவர்கள் அப்படிக் கட்டிக்கொண்டு திரிவதில்லை. எடுக்காத நான் என்ன பதில் சொல்ல முடியும்? கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கழற்றினேன். போக வர, வரிசையில் நிற்க, நாலு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை படுக்கையில் புரண்டால் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கியது.

டாக்டர் பெரிய ஊசியைப் போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். மஞ்சளாக, ஒரு டம்ளர் அளவு வந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டினார். பிறகு சொன்னார்.

"தோலும் தசையும் இன்னும் ஒட்டலை. பெல்ட்தான் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. கழட்டினா நடுவுல நீர் கோத்துக்கும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா திறந்துதான் பார்க்கணும். குளிக்கற நேரம் தவிர இது உங்க உடம்பைவிட்டு இறங்கக் கூடாது. யார் சொன்னாலும் சரி."

யார் சொன்னாலும் சரி. ஆட்டோவில் திரும்பும்போது அதைக் கணவரிடம் இரண்டு முறை சொன்னேன். அவர், "அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றார். பேசவில்லை.

என் மாமனாரின் ச்ராத்தம் இருபத்து நாலாம் நாள் வந்தது. வழக்கமாகக் குளித்து, யார் மேலும் படாமல் மடியாக வந்து தளிகைச் சமையல் செய்து கொடுக்கும் மாமி, முகூர்த்தம் இருக்கிறது, வர முடியாது என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். மாமியார் கொஞ்சமும் கலங்கவில்லை. அவர் கணக்கு வேறாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் மாதத்தில் மூன்று நாள் நான் பின்னறையில். தனிப் பாய், தனித் தட்டு, யாரையும் தொடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், பாடம் நடத்தலாம், பஸ்ஸில் ஊரையே இடித்துக்கொண்டு வரலாம். வீட்டு வாசல் தாண்டினால் மட்டும் பின்னறை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததே இல்லை. ஆனால் சண்டை போட்டுச் சலித்துப்போய், மாமியார் இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இனிமே உனக்கு மாசாமாசம் அந்தத் தடங்கல் கிடையாது பாரு" என்றார் மாமியார், முகமெல்லாம் சந்தோஷமாக. "எந்த நாளும் மடிக்கு ஆவே. நீயே தளிகை பண்ணிடு. தூக்கறது எறக்கறதெல்லாம் அவன் பார்த்துப்பான். நீ நின்னுண்டு கிளறினா போறும். தீர்த்தமாடிட்டு மடிசாரைக் கட்டிண்டு வா. அந்த ரப்பர் மட்டும் மடிக்கு ஆகாது."

என்னிடம் இரண்டு பெல்ட் இருந்தன. ஒன்றை நன்றாக நனைத்துப் பிழிந்து, மடிப்புடவை உலர்த்தும் உயரக் கொடியில் கோலால் தூக்கிப் போடலாம், அதைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஆசாரப்படியே கேட்டேன். கொக்கியும் ஜிப்பும் தொங்க அது மடிக்கொடியில் ஆடுவதைக் கற்பனை செய்து பார்த்தாரோ என்னவோ, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

நான் கணவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்கிறீர்களா சொல்லட்டுமா என்று. இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று விட்டேன். அவரும் விட்டார். ச்ராத்தத்துக்கு முந்தின நாள் மதியம் என் உடம்பு முந்திக்கொண்டது. எடுத்ததாகச் சொன்ன கர்ப்பப்பை, தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து நான் இருக்கிறேன் என்றது.

கணவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். யோசித்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"யாருக்குத் தெரியப் போறது? பேசாம இரு. காலம்பற குளிச்சுட்டுத் தளிகையைப் பண்ணிடு."

"உங்கப்பா ச்ராத்தம்."

"அதான் சொல்றேன். நல்லபடியா நடக்கணுமோல்லியோ?"

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக, மாதம் மூன்று நாள், நான் தெரியாமல் தண்ணீர்க் குடத்தைத் தொட்டுவிட்டால் கொட்டிவிட்டு வேறு பிடித்த மனுஷர். காய்ச்சல் நூற்று மூன்று அடித்தபோதும் பின்னறை வாசலில் மாத்திரையை வைத்துவிட்டு நகர்ந்துபோன மனுஷர். நம்பாத நான் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். நம்புகிற அவர் தனக்கு இடைஞ்சல் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். அவர் பொய் காப்பாற்றப்பட வேண்டும், அதற்கு விலை அவர் அப்பாவின் ச்ராத்தம், அவர் அம்மாவின் நம்பிக்கை, என் தையல். மூன்றில் ஒன்றுகூட அவர் கைப்பொருள் இல்லை.

"முடியாது" என்றேன். "நான் பெல்ட்டைக் கழட்ட மாட்டேன். உங்கம்மாவையும் ஏமாத்த மாட்டேன். நாளைக்குக் காலம்பற சொல்லிடுவேன்." அவர் கெஞ்சினார். அப்புறம் கத்தினார், அதையும் அம்மா காதில் விழாதபடி மெதுவாகக் கத்தினார்.

காலையில் மாமியார் மடியாகச் சமையலறை வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கூடத்தின் மறுகோடியில் நின்றேன்.

"அம்மா, கிட்ட வரலை. இங்கேர்ந்தே சொல்றேன். நான் தூரம்."

அரிவாள்மணையில் அவர் கை நின்றது. "கர்ப்பப்பையை எடுத்தவளுக்கு ஏதுடீ தூரம்?"

"எடுக்கலைம்மா. தொங்கிண்டிருந்த வயத்துத் தோலை வெட்டி எடுத்துத் தச்சிருக்கா. கர்ப்பப்பை அங்கேயேதான் இருக்கு. நாங்க பொய் சொன்னோம்."

அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார். "அழகுக்கா?"

இதற்கு நான் பல வருஷமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மடிப்பில் புண், இடுப்பு வலி, விலகிய தசை. எல்லாம் நிஜம். ஆனால் நாக்கு அன்று இன்னொரு சாக்குச் சொல்ல மறுத்தது.

"ஆமாம்மா. அழகுக்கும்தான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற தன் பிள்ளைப் பக்கம் திரும்பினார். "இருபத்து மூணு நாளா என்னைப் பைத்தியக்காரியா ஆக்கியிருக்கேள். ஊரெல்லாம் சொல்லி அழுதிருக்கேன். தாயார் முன்னாடி இவளுக்காக நின்னு கண்ணீர் விட்டிருக்கேன். அவளைச் சொல்லலை, உன்னைச் சொல்றேன். போய்த் தீர்த்தமாடிட்டு வா. தளிகை இன்னிக்கு நீதான்." என் பக்கம் திரும்பாமலே பின்னறையைக் கையால் காட்டினார். எங்கள் வீட்டு வழக்கப்படி அவ்வளவுதான். திதி தப்பாது, வேறு கை சமைக்கும், நான் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பெல்ட் உடம்பில் இருக்கிறது, பொய் போய்விட்டது. பாயில் படுத்து, கணவர் ஈரவேட்டியோடு உளுந்து எந்த டப்பாவில் என்று தன் அம்மாவைக் கேட்பதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பார்த்தால் பெல்ட் கறைபட்டிருந்தது. மாற்றியே ஆக வேண்டும். கழற்றிவிட்டுப் பின்பக்கக் குளியலறையில் குளித்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு பாயில் படுத்து, தொடைவரை ஏற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கொக்கி மாட்டிவிட ஆள் இல்லை.

தனியாக முயன்றேன். கீழே மூன்று கொக்கி விழுந்தது. நாலாவதை இழுத்தபோது உள்ளே தையல் ஓடிய இடத்தில் சுரீரென்றது. விட்டேன். மூன்றும் பட்பட்டென்று கழன்றன. மறுபடி முயன்றேன். வியர்வை கொட்டி எலாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டது, மேலே ஏறவில்லை. அரை மணி ஓடிவிட்டது. கதவை ஓர் அங்குலம் திறந்து கணவரைக் கூப்பிட்டேன். நடையின் அந்தக் கோடியில் வந்து நின்றார்.

"மாட்டிவிடுங்கோ. ரெண்டு நிமிஷம்."

"நான் எப்படித் தொடறது? மடியா இருக்கேன். ச்ராத்தம் முடியட்டும், ரெண்டு மணி ஆகும்" என்றார். கொஞ்சம் நின்று, "அப்பவும் தொட முடியாது, இல்லையா" என்றார்.

நேற்று மதியம் இதே உடம்போடு என்னை அடுப்படியில் நின்று பிண்டத்துக்கு அன்னம் வடிக்கச் சொன்னவருக்கு, இன்று என்னைத் தொட்டால் தீட்டு! வாயில் வந்ததை எல்லாம் சொல்லியிருப்பேன். வாசலில், ச்ராத்தத்துக்குச் சாப்பிட வந்த ஸ்வாமிகள் காலலம்பும் சத்தம் கேட்டது. பின்னறையிலிருந்து என் குரல் அவர்கள் காதில் விழக் கூடாது. அந்த மாமனார் என்னிடம் ஒருநாளும் முகம் கோணப் பேசாதவர். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். திறந்துதான் பார்க்கணும் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று நாள் இப்படி எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பேன்?

ஃபோனை எடுத்துக் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். எந்த உதவி என்றாலும் ஒரு ஃபோன் போதும் என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

கையில் மாவு ஈரத்தோடு பின்படி வழியாக ஓடி வந்தார். "என்ன டீச்சர், என்ன ஆச்சு?" என்று உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை ஓடுகிற தழும்பைப் பார்த்தார். "கர்ப்பப்பைக்கா இவ்வளவு நீளம் வெட்டினாங்க? எனக்கு இத்துனூண்டுதானே." பிறகு பாய் ஓரத்தில் பிரித்து வைத்திருந்த நாப்கின் பாக்கெட்டைப் பார்த்தார். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சொன்னேன். எல்லாவற்றையும், சுருக்கமாக, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் கத்தவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மண்டியிட்டார். "படுங்க" என்றார். என் கணவரைவிட நன்றாக மாட்டினார். ஓரங்களை முழங்கையால் அணைத்துப் பிடித்து, வலிக்காமல், ஒவ்வொரு கொக்கியாக. இருபத்திரண்டும் விழுந்தன. ஜிப்பை ஏற்றினார். தோல் கடிபடாமல் இருக்க விரலை உள்ளே கொடுத்து ஏற்றினார்.

எழுந்து நின்று கேட்டார். "அன்னைக்கு நான் பொண்ணு வேணும்னு அழுதப்ப, எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு சொன்னீங்களே டீச்சர். அது எதுக்கு?"

வீட்டில் எல்லோரையும் கேள்வி கேட்டவள் நான். பிரித்து வைத்திருந்த நாப்கின் பாக்கெட்டை எடுத்துப் பாய்க்கு அடியில் தள்ளினேன்.

"இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன். நம்மள மாதிரி இன்னொருத்தங்க மேல இருக்காங்கன்னு."

பின்படியில் இறங்கிப் போனார். மதியம் இரண்டு மணிக்கு, முன்னறையில் ஸ்வாமிகள் சாப்பிட்டு முடித்துப் பரம திருப்தி என்று சொல்வது கேட்டது.

அடுத்த இரண்டு நாளும் காலையில் நான் கூப்பிடாமலே வந்தார். படுங்க என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. கொக்கியை மாட்டினார், ஜிப்பை ஏற்றினார், போனார். கேழ்வரகுக் கூழ் வரவில்லை. பின்னறைக்குப் போன நாலாம் நாள் நான் தலைக்குக் குளித்துவிட்டு ஃபோன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்.

"இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் தொடலாம்ல டீச்சர்? அவரையே மாட்டிவிடச் சொல்லுங்க."